ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்பிரகாசத்தின் அபிப்பிராயங்கள்

ஜூலை 6, ஞாயிறு

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், இன்று காலை ஏழு நாற்பது மணியளவில், கோபிசெட்டிபாளையம் மொடச்சூர் ரோட்டில் வசிக்கும் பதினோராம் வகுப்பு மாணவன் யுகேஷின் மேலுதட்டில், வலப்பக்க ஓரமாக, பதினேழாவது மீசை முடி முளைத்திருக்கிறது. கண்ணாடி இதை உறுதி செய்துள்ளது. முடி நலம். வாழ்த்துச் சொல்ல விரும்புவோர் வரிசையில் வரவும்.

இதே நேரத்தில் சேலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அ. சிவப்பிரகாசம் அவர்களுக்கு அடர்த்தியான வெள்ளை மீசை இருக்கிறது. அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். நான் இருக்கிறேன், அவர் இல்லை.

என்றாவது இந்த நோட்டைத் தோண்டியெடுத்துப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். கரிக்குருவி காமிக்ஸ் என்று ஒரு கம்பெனி. அதில் தாமிரன் ஒரு தொடரின் நாயகன். செம்பு உடம்பு, இடியை வாங்கிக் கையால் திருப்பி விடுவான். நிசப்தா வேறொரு தொடரின் நாயகி. அவளைச் சுற்றிப் பத்தடிக்கு எந்தச் சத்தமும் கேட்காது. இருபது வருடமாகத் தனித்தனித் தெருவில் குடியிருந்த இருவரையும் இப்போது ஒரே கதைக்குள் இழுத்து விட்டிருக்கிறார்கள். பெயர் ‘இருமுனை’. ஆறு பாகம். நான்கு வந்தாயிற்று.

முகநூலில் இதற்கு ஒரு வாசகர் வட்டம். நாலாயிரம் பேர். சராசரி வயது ஐம்பது, சராசரி தலைமுடி பூஜ்யம். போன வருடம் என் சொந்தப் பெயரில், நிசப்தா சண்டையில் சுத்த வேஸ்ட் என்று எழுதினேன். ‘தம்பி, பரீட்சைக்குப் படிங்க’ என்று ஒரே வரியில் அனுப்பி வைத்துவிட்டார்கள். சரி என்று என் பதினாறைத் திருப்பிப் போட்டேன். அறுபத்தொன்று. அப்படிப் பிறந்தவர்தான் ஸ்டேஷன் மாஸ்டர். மூட்டுவலி, இரும்பு பீரோ நிறையப் பழைய காமிக்ஸ், கொஞ்சம் கர்வம். வட்டத்தில் ஒருவர் தன் மகன் அமெரிக்காவில் இருப்பதாகப் பீற்றிக்கொண்டதால், பதிலுக்கு ஈரோட்டில் ஒரு இதய டாக்டரை மருமகனாக எடுத்தேன். சம்பந்தம் பேச ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்றைய தேதியில் ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடி காட்டினால்தான் அது நல்ல புத்தகம். அவர் எழுதிய நான்காம் பாக விமர்சனத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு விருப்பக்குறிகள். பள்ளியில் இது தெரிந்த ஒரே ஜீவன் என் பெஞ்சுக்காரன் ஆஷிக். அவன் என்னை ‘தாத்தா’ என்று கூப்பிடுகிறான்.

அந்த நாலாயிரத்தில் ‘வெள்ளிங்கிரி மோட்டார்ஸ்’ என்று ஒருவர். என் அப்பா. கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். அவர் கம்பிக் காயில் கட்டுகிறார், நான் கதை கட்டுகிறேன். இரண்டிலும் ஒரு சுற்று தப்பினால் புகைந்துவிடும்.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா வழக்கம்போல ‘இருமுனை’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அம்மா, அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ‘ம்’ கொட்டினாள். முதல் பாகத்தில் இருவரும் இருபத்திரண்டு பக்கம் அடித்துக்கொள்வதை எல்லோரும் திட்டுகிறார்களாம். அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. “பக்கத்துல போனாத்தான் அவகிட்டப் பேச முடியாது. தூரத்துல நின்னாப் பேசலாம். அது அவனுக்குத் தெரியறதுக்கு இருபத்திரண்டு பக்கம் ஆகுது. அதானே கதையே” என்றார்.

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் காதில் விழவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஸ்டேஷன் மாஸ்டர் இன்று எழுதியது: ‘அன்பர்களே, அருகில் சென்றால் பேச இயலாது, தொலைவில் நின்றால் இயலும். இதைத் தாமிரன் கண்டுகொள்ள இருபத்திரண்டு பக்கங்கள் தேவைப்பட்டன. சண்டையைத் திட்டுவோர் கதையைத் தவறவிட்டோர்.’

முதல் கருத்து அப்பாவுடையது. ‘ஐயா, என்ற மனசுல இருந்ததை அப்படியே எழுதிட்டீங்க. நீங்க மகான்.’

பாத்ரூமில் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். பெரிய மனிதர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள் போலிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

அப்பா இன்பாக்ஸுக்கே வந்துவிட்டார். நிசப்தாவின் பழைய கதைகளைப் பற்றி நீளமாக எழுதிவிட்டு, கடைசியில்: ‘தொந்தரவுக்கு மன்னிக்கோணும் ஐயா. வீட்டுல இதையெல்லாம் பேச ஆளில்லை. பையன் இருக்கான், பதினாறு வயசு. நல்ல பையன்தான். எங்கிட்டப் பேச மாட்டான்.’

‘காலம் கனியும்’ என்று பதில் போட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் ரொம்ப மொக்கை ஆள்.

ஜூலை 13, ஞாயிறு

பள்ளி இல்லாத நாளில் அப்பா என்னை மோட்டார் இறக்க அழைத்துப் போவது உண்டு. இன்று நஞ்சகவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டம். ஐந்து எச்பி மோட்டார். ஆட்டோவிலிருந்து இறக்கிக் கிணற்று மேட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பாதியில் அப்பா இறக்கி வைக்கச் சொன்னார். வரப்பில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். முகத்தில் குடம் கவிழ்த்ததுபோல வியர்வை. வெயில்கூட இல்லை.

என்னாச்சு என்று கேட்டேன். வயசாச்சு என்றார். ஐம்பதுதான் ஆகிறது. ஸ்டேஷன் மாஸ்டருக்கே அறுபத்தொன்று, அவரே திடமாக இருக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை.

அஞ்சு நிமிடத்தில் எழுந்துவிட்டார். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதே என்றார்.

ஜூலை 14, திங்கள்

இன்பாக்ஸில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

‘ஐயா வணக்கம். இன்னிக்கு காமிக்ஸ் விசயம் இல்லை. உங்க மருமகன் இதய டாக்டர்னு எழுதியிருந்தீங்க, அதனால கேக்கறேன். மூணு வாரமா மேடு ஏறுனா, கனம் தூக்குனா நெஞ்சுக்குள்ள கயிறு போட்டு இறுக்கற மாதிரி இருக்குது. தோள் வரைக்கும் வருது. உக்காந்தாப் போயிருது. வீட்டுல சொல்லலை. என்ற மாமனார் இப்படித்தான் ஒரு நாள் காலையில வாசல்ல உக்காந்தவர் எந்திரிக்கவே இல்லை. கலாமணிக்கு இது தெரிஞ்சாத் தாங்க மாட்டா. உங்ககிட்டத்தான் சொல்றேன்.’

கலாமணி என் அம்மா.

இதை நான் என் அறையில் படித்தேன். அப்பா கூடத்தில், பத்தடி தள்ளி, டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. கெமிஸ்ட்ரி டெஸ்ட். நெஞ்சுவலி என்று இணையத்தில் தேடக் கூடாது. தேடிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஸ்டேஷன் மாஸ்டர் கண்டிப்பாக எழுதினார்: ‘வெள்ளிங்கிரி, இது விளையாட்டல்ல. நாளையே மருத்துவரைப் பாருங்கள். கனம் தூக்காதீர்கள்.’

ஏழு நிமிடத்தில் பதில். ‘சரிங்க ஐயா. ஆகஸ்ட் 2 சனிக்கிழமை ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுல ஆறாம் பாகம் வெளியீடு இருக்குதுல்லங்க. நம்ம வட்டத்துக்காரங்க எல்லாரும் வாராங்க. நீங்களும் வருவீங்க. அப்படியே உங்க மருமகன்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. உங்க கையால போனா எனக்குத் தைரியம். அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது.’

இன்னும் பதினேழு நாள்.

அங்கேயே யாராவது டாக்டரைப் பாருங்கள் என்று பதில் போட்டேன். கோபியில் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றினாலே அரை மணி நேரத்தில் அங்கன்வாடிக்குச் சேதி போய்விடும் என்று எழுதினார். அது உண்மைதான்.

ஆஷிக்கிடம் மதிய இடைவேளையில் சொன்னேன். அவன் தாத்தா என்று கூப்பிடவில்லை. “உங்கம்மாகிட்டச் சொல்லிரு” என்றான். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பாள். எப்படித் தெரியும் என்று சொன்னால், அப்பா யாருமில்லை என்று நினைத்து எழுதியதையெல்லாம் நான் படித்திருக்கிறேன் என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதற்குப்பின் அவர் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார்.

எனக்கு ஒன்றும் பயமில்லை. முறையாக யோசிக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 19, சனி

பிரமாதமான திட்டம் ஒன்று போட்டேன். மருமகனை ஒழித்துவிட்டால் அப்பா வேறு டாக்டரிடம் போய்த்தானே ஆக வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் எழுதினார்: ‘மருமகன் மேற்படிப்புக்காக லண்டன் சென்றுவிட்டார். ஆறு மாதம் ஆகும். நீங்கள் காத்திராமல் வேறு மருத்துவரைப் பாருங்கள்.’

‘பரவால்லைங்க ஐயா. அவர் வந்ததும் காட்டிக்கலாம். காத்திருக்கேன்.’

பிரமாதமான திட்டத்தால் இரண்டு வாரம் ஆறு மாதமாகிவிட்டது. அரை மணி நேரம் யோசித்தேன். பிறகு, விசா கிடைக்கவில்லை, மருமகன் போகவில்லை என்று எழுதினேன். ஒரு மனிதனை லண்டனிலிருந்து இவ்வளவு வேகமாக யாரும் திருப்பிக் கொண்டு வந்ததில்லை.

அப்பா கைகூப்பும் படம் அனுப்பினார்.

ஜூலை 22, செவ்வாய்

பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போகிறேன். மோட்டார் எது வந்தாலும் நானே தூக்குகிறேன். இடுப்பு கழன்றுவிட்டது. அப்பா ஸ்பேனரைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

“என்றா அதிசயமா இருக்குது?”

“உடம்பு ஏத்தறேனுங்கப்பா.”

“ஏத்து ஏத்து” என்றார். சந்தோஷமாக இருந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது பீரியடில் ஆபீஸ் அட்டெண்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீட்டு. வாத்தியாரிடம் ஏதோ சொன்னார். வாத்தியார் பெஞ்சுகளைத் தேடினார். என் காதில் ஒரு சத்தமும் விழவில்லை, வாய்கள் மட்டும் அசைந்தன. கடைசியில் ஆதார் நகல் கொடுக்காத யாரோ ஒருவனைக் கூப்பிட்டார்கள். ஆஷிக் என் கையைப் பிடித்திருந்தான் என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

வீட்டு மாடிக்குப் பதினான்கு படி. தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அப்பா ஏறினார். எட்டாவது படியில் நின்றார். செல்போனைப் பார்ப்பதுபோல நின்றார். போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

ஐந்தாம் பாகம் நேற்றே கூரியரில் வந்துவிட்டது. வட்டத்தில் ஒரே ரகளை. தாமிரனின் தோளில் விரிசல் விழுகிறது, அதை நிசப்தாவிடம் ஏன் மறைக்கிறான் என்று அடிதடி. ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா எங்கே, ஐயா என்ன சொல்கிறார் என்று இருபத்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அப்பா நேற்றும் இன்றும் சாப்பிடும்போது எதுவும் பேசவில்லை. புத்தகத்தைப் படித்து முடித்து பீரோவில் வைத்துவிட்டார்.

அதனால் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அப்பாவைப் பேச வைக்கலாம் என்று நானாகக் கேட்டேன். அஞ்சாம் பாகம் எப்படிங்கப்பா இருக்குது என்று. அம்மா சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் காமிக்ஸ் பற்றி வீட்டில் பேசி அவள் பார்த்ததில்லை.

“இருக்குது” என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவன் மறைக்கிறது தப்புத்தான்” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

வேறு வழியில்லாமல் ஸ்டேஷன் மாஸ்டரே சொந்தமாக யோசித்து எழுதினார். செம்புக்குத் துரு பிடிக்காது, பச்சைதான் பிடிக்கும், ஆகவே விரிசலில் பச்சை வண்ணம் தீட்டாதது குற்றம். மேலும் நிசப்தாவின் பூட்ஸ் பதினாறாம் பக்கத்தில் கறுப்பு, பதினெட்டில் நீலம்.

‘ஐயா, பேரன் கையில போன் போயிருச்சா?’ என்று ஒருவர் கேட்டார். அதற்கு நாற்பது சிரிப்புகள். அப்பா மட்டும் சண்டைக்குப் போனார். ‘ஐயாவுக்கு உடம்பு முடியாம இருக்கலாம். ஒரு நாள் அப்படித்தான் இருக்கும். மரியாதையாப் பேசுங்க.’

தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன். தூசி அலர்ஜி.

ஜூலை 30, புதன்

இன்று அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சாமி என்றாள். நானும் கீரை ஆய்ந்தேன். இரண்டு கட்டு முடிந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆஷிக்கிடம், சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கடைசித் திட்டம். மருமகன் இல்லாவிட்டால் என்ன, ஆஸ்பத்திரி இருக்கிறது. ஈரோட்டில் ஒரு இதய மருத்துவமனையின் எண்ணைத் தேடிப் பிடித்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, அறுபத்தொரு வயதுக் குரலில் பேசினேன். நடுவில் இரண்டு இருமல். நாளை காலை பதினோரு மணி, பெயர் வெள்ளிங்கிரி, வயது ஐம்பது. நீங்க யாருங்க என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டியவர் என்றேன்.

பிறகு அப்பாவுக்கு: ‘நாளை பதினோரு மணிக்கு மருமகனின் மருத்துவமனை வாசலுக்கு நேரே வந்துவிடுங்கள். பார்த்துவிட்டுச் சேர்ந்தே புத்தகத் திருவிழாவுக்குப் போகலாம். துணைக்கு மகனை அழைத்து வாருங்கள்.’

‘அவன் வருவானான்னு தெரியலைங்க ஐயா.’

ஐந்து நிமிடம் கழித்து அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். நாளைக்கு ஈரோடு வாரியாடா என்றார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே சரிங்கப்பா என்றுவிட்டேன். கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்.

நாளை எல்லாம் முடிந்துவிடும். பயம் என்று சொல்ல மாட்டேன். நான்கு முறை பாத்ரூம் போனேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு இல்லை. அப்பாவின் மருந்துச்சீட்டுக் கவரின் பின்பக்கம். வீட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

காலையில் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டார். அம்மாவிடம் காமிக்ஸ் வெளியீடு என்றார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. பஸ்ஸில் திறந்து காட்டினார். மோட்டாரில் கழித்த செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒரு தாமிரன். ஒரு சாண் உயரம். விரல்கள்கூடத் தனித்தனியாக. ஐயாவுக்கு என்றார். எத்தனை நாளாகச் செய்தீர்கள் என்றேன். அவர் முதல்முதல் பதில் போட்ட நாளிலிருந்து என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு மணிக்கு நின்றோம். பதினொன்றே கால். ஒவ்வொரு ஆட்டோவிலும் அப்பா வெள்ளை மீசை தேடினார். உள்ளே போய் உட்காரலாம் என்றேன். பெரியவர் வருவதற்குள் நாம் போய் உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காது என்றார். பதினொன்றரைக்கு உள்ளிருந்து ஒரு சிஸ்டர் வந்து வெள்ளிங்கிரி யாருங்க என்று கேட்டார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஐயா சொல்லி வைத்திருக்கிறார் பார் என்றார்.

முதல் மாடி. பன்னிரண்டு படி. ஆறாவதில் நின்றார். இந்தத் தடவை செல்போன் நடிப்புக்கூட இல்லை. கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

மேலே போய் உட்கார்ந்தோம். எதிரே டாக்டரின் பெயர்ப்பலகை: நளாயினி. அப்பா இரண்டு முறை படித்தார். சிஸ்டரிடம், நாங்க பார்க்க வந்தது ஸ்டேஷன் மாஸ்டரோட மருமகனுங்க, அவரும் டாக்டர்தான் என்றார். அப்படி இங்கே யாரும் இல்லை என்றார் சிஸ்டர். எந்த டாக்டரிடம் நேரம் வாங்குகிறோம் என்று நான் கேட்கவே இல்லை. அவ்வளவு பெரிய மூளைக்கு அது தோன்றவில்லை.

அப்பா எழுந்துவிட்டார். “இடம் மாறி வந்துட்டோம்டா. ஐயா எங்கியோ காத்துட்டு இருப்பாரு. வா” என்று படி இறங்கத் திரும்பினார்.

அப்போதுதான் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அப்பாவின் முன்னால் போய் நின்றேன். கண்ணுக்கு நேராகப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் வரமாட்டார், அவர் நான்தான், நீங்கள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். குரல் நடுங்கவே இல்லை. அப்பா என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

இசிஜி எடுத்த டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது போன் போடு கண்ணு, அப்பா இன்று வீட்டுக்கு வரப்போவதில்லை என்றார்.

அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரத்தக்குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள், எலும்பு நொறுங்குகிற அளவுக்கு. இந்த அப்பாவி மனுஷன் இதை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு வாரம் மோட்டார் தூக்கியிருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை.

விளக்கு அணைந்தது. நல்லா இருக்காருங்க என்றார்கள்.

ஆஷிக் சாயங்காலம் வந்தான். புத்தகத் திருவிழாவுக்குப் போய் ஆறாம் பாகம் வாங்கி வந்திருந்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே ஒரு திருத்தம்.

சனிக்கிழமை கவரில் எழுதியது பொய். கண்ணுக்கு நேராகவும் பார்க்கவில்லை, நெஞ்சையும் நிமிர்த்தவில்லை. அப்பா படி இறங்கத் திரும்பியதும், அவசரமாக வருகிறது என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் ஓடினேன். தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே நின்று ஸ்டேஷன் மாஸ்டர் பெயரில் அடித்தேன்: ‘மருமகன் அவசர அறுவைச் சிகிச்சைக்கு வேறிடம் சென்றுள்ளார். எனக்கும் மூட்டுவலி, வர இயலவில்லை. டாக்டர் நளாயினி என் மருமகனுக்கே பாடம் எடுத்தவர். அவரிடம் காட்டுங்கள். இது என் உத்தரவு.’ வெளியே வந்தபோது அப்பா உள்ளே போய்விட்டிருந்தார். தோளைத் தட்டியதும் நானாக எழுதிக்கொண்டதுதான்.

ஆக, இன்று காலை வரைக்கும் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா துணி எடுத்துவர கோபிக்குப் போயிருந்தாள். அப்பா தலையணையில் சாய்ந்து ஆறாம் பாகத்தைப் படித்து முடித்தார். மணிக்கட்டில் கட்டு. நான் பக்கத்து ஸ்டூலில். புத்தகத்தை மூடி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் வேலையாகச் சேலம் போகவேண்டும் என்றார். அந்த மனிதர் மட்டும் உத்தரவு போடாவிட்டால் நான் படியிறங்கிப் போயிருப்பேன், அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரவேண்டும், விலாசம் வாங்கணும் என்றார். டாக்டர் ஒரு மாதம் அலையக் கூடாது என்றிருக்கிறார்.

போனை எடுத்து வட்டத்தைப் பார்த்தார். கட்டைவிரல் மேலும் கீழும் போனது.

“எல்லாரும் கேக்கறாங்க. ஆறாம் பாகத்துக்கு ஐயா இன்னும் ஒண்ணுமே எழுதலையேடா” என்றார்.

கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்தேன். வராந்தாக் கடைசியில் இருந்தது.

“நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையேங்கப்பா” என்றேன். “நீங்க சொன்னாத்தானே அவரு எழுத முடியும்.”

அப்பாவுக்கு முதலில் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு இன்பாக்ஸைத் திறந்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். எங்கே போய் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். தேதிகூடத் தெரியும்.

“எல்லாம் நீ படிச்சியா?”

“படிச்சேனுங்கப்பா.”

“மூட்டுவலி?”

“இல்லீங்கப்பா.”

“மருமகன்?”

“மகளே இல்லீங்கப்பா.”

அப்பா சிரித்தார் என்று எழுதத்தான் கை வருகிறது. சிரிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ இட்லி வந்தது. தட்டு, டம்ளர், ஸ்பூன், ஒவ்வொரு சத்தமும் கேட்டது. அவருடைய மூச்சு சீராக இருக்கிறதா என்று போர்வை ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது வரை எண்ணினேன். நான் எழுதியதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை, எல்லாம் நீங்கள் சோறு தின்னும்போது சொன்னது, நான் போனைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து கேட்டது என்று சொல்ல நினைத்தேன். அதை அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார்.

பிறகு திரும்பினார். கண் சிவந்திருந்தது. கட்டுப்போடாத கையால் ஆறாம் பாகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“நான் சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு. உனக்கு எப்படி இருந்துது?”

நேற்று இரண்டு தடவை படித்திருக்கிறேன். நாலாயிரம் பேர் என் கொடிக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு வருடம் ஆறு மாவட்ட அங்கிள்களை ஆட்டி வைத்த ஆள் நான்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“படம் நல்லா இருந்துதுங்கப்பா” என்றேன்.